அருளிக்கத்தின் அரக்கு

செத்தவருடைய எலும்பை என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. எரித்த மறுநாள் பால் தெளித்துப் பொறுக்கிக் கலயத்தில் போட வேண்டும். ஓடும் தண்ணீரில் விட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வந்து தலை முழுக வேண்டும். என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன். எலும்பை எடுத்து வைத்து, அதற்குக் கண்ணாடி போட்டு, வரிசையில் நின்று முத்தம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது மலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதையும் தப்பான வழியில் தெரிந்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் மலையாளச் சீமையில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ரோலர் நின்றாலும் டிரையர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எதுவும் நிற்காத நாளில் லயமென்னும் வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களின் ஓட்டைக் குடம், உடைந்த கதவுக் கொண்டி எல்லாம் என் பட்டறை மேசைக்கு வரும். திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பேன். திட்டு வாங்காமல் என்னிடம் குடத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாரும் இல்லை.

லயத்தில் எங்களுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் உபதேசியார் வீடு. அவர் பகலில் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர். மற்ற நேரத்தில் வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், சின்னக் கோயிலுக்கு எல்லாம் அவர்தான். பெருக்குவார், விளக்கேற்றுவார், ஜெபம் சொல்லிக் கொடுப்பார், பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் கீழேயிருந்து லாரியில் வருவார். உபதேசியாரும் எங்களைப் போலத் திருநெல்வேலிச் சீமைக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் மனைவி எங்களுக்கு அக்கா. அவர்கள் வேதம், நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். சுவருக்கு நடுவே உப்பும் மிளகாயும் போய்வரும், அவ்வளவுதான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைவிட அதிகமாகப் போய்வந்திருக்கிறது.

அந்தக் கோயிலில் ஒரு சாமான் இருந்தது. பழைய வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் எந்தக் காலத்திலோ கடல் தாண்டிக் கொண்டுவந்தது. ஒரு முழ உயரம். பித்தளை, மேலே வெள்ளி முலாம் பாதி போயிருந்தது. கீழே வட்டப் பாதம், அதன்மேல் ஒரு தண்டு, தண்டின் உச்சியில் சூரியனைப் போல நாலா பக்கமும் கதிர்கள். நடுவில் ஒரு வட்டக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு டப்பி. அதைத்தான் அவர்கள் அருளிக்கம் என்பார்கள். டப்பிக்குள் இருப்பவர் பெயர் ஒரு சின்னக் காகிதத் துண்டில் லத்தீனில் எழுதியிருந்தது. எறும்பு வரிசை போன்ற அந்த எழுத்தை எங்கள் எஸ்டேட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் எல்லாரும் புண்ணியவாளர் என்று மட்டும் சொல்வார்கள். பெயர் தெரியாதவரிடம் அத்தனை பேர் அத்தனை காரியம் கேட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

திருநாளன்று பூசை முடிந்ததும் சாமியார் அந்த டப்பியைத் தண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுப்பார். ஜனங்கள் வரிசையாக வந்து முத்தம் கொடுப்பார்கள், முத்தி செய்வது என்பார்கள். கையில் ஒரு துண்டுத் துணி கொண்டுவருவார்கள். சாமியார் அந்தத் துணியை டப்பியில் தொட்டுக் கொடுப்பார். அதைக் கொண்டுபோய்க் காய்ச்சல்காரர் தலைமாட்டில் வைப்பார்கள். பிள்ளை உண்டாகியிருப்பவள் வயிற்றில் கட்டிக்கொள்வாள். இதை வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே ஏதோ சின்னப் படம் இருக்கிறது, அதைக் கும்பிடுகிறார்கள் என்று என் கணக்கு.

இனி என் மனைவி. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதலாவது எட்டாம் மாதம் உயிரில்லாமல் வந்தது. இரண்டாவது ஆண். ஒன்பது நாள் இருந்தான். அவனைத் தேயிலைக்கு மேலே உள்ள சரிவில் நான்தான் குழி தோண்டிப் புதைத்தேன். அவன் கிடந்த துணி, கட்டியிருந்த கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் ஓடையில் விடச் சொன்னேன். செத்த பிள்ளையின் சாமானை வீட்டில் வைக்கக் கூடாது. அவள் சரி என்றாள். மூன்றாவது முறை அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அந்த வருடத்துத் திருநாள் வந்தது. அக்கா சொல்லி அவளும் ஒரு துணி கொண்டுபோக முடிவு செய்திருந்தாள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் அண்ணாச்சி என் பட்டறைக்கு வந்தார். மேல்துண்டில் எதையோ பொதிந்து பிள்ளையைப் போலத் தூக்கி வந்தார்.

"துடைக்கும்போது கைநழுவிட்டு வே. தண்டு பாதத்தோட வரல."

"உம்ம கைக்கு அந்தத் தராசே அதிகம் அண்ணாச்சி. இதை ஏன் தொட்டீரு?"

"நான் தொடாம நீரா தொடைப்பீரு? பேசாம ஒட்டித் தாரும். சாமியாருக்குத் தெரியக் கூடாது."

பிரித்துப் பார்த்தேன். தண்டு பாதத்தை விட்டுப் பிரிந்திருந்தது. அது ஒரு வேலையே இல்லை. டப்பியைக் கழற்றித் தனியே வைக்கச் சொன்னேன், சூடு பட்டால் கண்ணாடி வெடிக்கும். அவர் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குள் கொழுந்து நிறுவைக்குச் சங்கு ஊதிவிட்டது. ஓடிவிட்டார்.

நவச்சாரம் போட்டு, செம்புக் கட்டையைக் காய்ச்சி, தண்டைப் பாதத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். நல்ல வேலை. பற்றின இடம் தெரியாது. பிறகுதான் டப்பியைத் திருப்பினேன். பின்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூடி சரியாக உட்காரவில்லை. யாரோ சிவப்புப் பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றியிருந்தார்கள். ஒழுகின அரக்கு ஓரத்தில் கட்டி கட்டியாக நின்றது. அரக்கின்மேல் ஏதோ அழுத்தின தடம். பற்றவைக்கத் தெரியாத எவனோ ஒருவன் கயிறு கட்டி அரக்கு வைத்து ஏமாற்றிக் கூலி வாங்கிப் போயிருக்கிறான், இந்த அப்பாவி ஜனங்கள் அதற்கே முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அரைகுறை வேலையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

கத்தியை எடுத்துச் சுரண்டினேன். நூலை அறுத்தேன். மூடி கையோடு வந்தது. உள்ளே சிவப்புப் பட்டு, ஓரத்தில் ஜரிகை. நடுவில் உடைந்த அரிசி அளவுக்கு ஏதோ ஒன்று, மஞ்சள் நிறம், ஒரு முனை கறுத்திருந்தது. பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கீழே அந்த எறும்பு எழுத்துக் காகிதம், அதில் ஒரு எழுத்தைப் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. படம் ஒன்றும் இல்லை. சரி, என்னவோ என்று மூடியை வைத்து, கண்ணாடிக்குச் சூடு ஏறாமல் ஈரத் துணியில் உட்காரவைத்து, சுற்றிலும் மெல்லிசாக ஈயம் ஓட்டினேன். தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். சுரண்டின அரக்கைக் குப்பைத் தகரத்தில் தள்ளினேன்.

அண்ணாச்சி திரும்பி வந்து தண்டை ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. டப்பியை அதன் இடத்தில் பொருத்தினார். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"உள்ள என்ன அண்ணாச்சி, குருணை அரிசி மாதிரி?"

"அதுதான் வே புண்ணியவாளரு. அவரு எலும்பு."

"யாரு எலும்பு?"

"அவருதான். செத்து ஐந்நூறு அறுநூறு வருசம் இருக்கும்."

அந்த மேசையில்தான் நான் மதியச் சோற்றுத் தூக்கை வைப்பேன். அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிண எலும்பைச் சொல்லாமல் கொள்ளாமல் என் மேசையில் கொண்டுவைத்த மனிதர் என்ன மனிதர் என்றேன். தொழிற்சாலைக்குப் பின்னால் பாறையிலிருந்து ஒரு குழாயில் தண்ணீர் விழும். அந்த மலையில் வைகாசியிலும் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். சட்டையோடு அதன் கீழே போய் நின்றேன். அண்ணாச்சி கதவோரம் நின்று சிரித்த சிரிப்பு ரோலர் சத்தத்தை மீறிக் கேட்டது.

"நல்லா முழுகும் வே. உமக்கு ஞானஸ்நானம் ஆயிட்டு."

பல் தந்தியடிக்க வீட்டுக்கு வந்தேன். என் மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது. குளிரில் வந்தவனைப் பார்த்து வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருநாள் வந்தது. நான் கோயில் வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் பற்றுவேலையை ஜனங்கள் நடுவே பார்க்கிற ஆசை, வேறொன்றுமில்லை. பூசை முடிந்தது. ஜனங்கள் துணியோடு வரிசை போட்டார்கள். சாமியார் டப்பியைக் கழற்றினார், முத்தியிட்டார், திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

அவர் மலையாளத்துக்காரர். எங்களுக்காகத் தமிழ் பழகினவர். பதற்றம் வந்தால் தமிழ் போய்விடும்.

"சீல் எவிடே?" என்றார்.

அண்ணாச்சி முழித்தார். சாமியார் டப்பியின் முதுகை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "முத்திரை எவிடே? ஆரு செய்தது இது?"

அண்ணாச்சி மெல்லக் கையைத் தூக்கி என்னைக் காட்டினார். ஜனங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பாராட்டப் போகிறார்கள் என்று இரண்டடி முன்னால் வைத்தேன்.

"அந்த அரக்கும் நூலும் எந்தினு சுரண்டி?"

"ரொம்பக் கேவலமா ஒட்டியிருந்துது சாமி. அதான் எடுத்துட்டு ஈயம் வச்சேன். இனி நூறு வருசத்துக்கு அசையாது."

சாமியார் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அது ஒட்டுவதற்கு வைத்த அரக்கு இல்லை. மேற்றிராணியாருடைய, அதாவது பிஷப்புடைய முத்திரை. உள்ளே இருப்பது இன்னாருடைய எலும்புதான், யாரும் திறக்கவில்லை, மாற்றவில்லை என்பதற்கு அந்த நூலும் அரக்கும்தான் சாட்சி. முத்திரை போனால் சாட்சி போயிற்று. சாட்சி இல்லாததை ஜனங்கள் முத்தி செய்யக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

"உள்ள இருக்கது அதேதான் சாமி," என்றேன். "நான் சொல்லுதேன்."

"நீ ஆரு?" என்றார்.

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அதிகமாக எரிந்தது. நான் ஃபிட்டர், நான் பொய் சொல்ல மாட்டேன், என் வேலையில் ஒருவன் குறை சொன்னதில்லை என்று கத்தினேன். சாமியார் டப்பியைப் பெட்டிக்குள் வைத்தார். இன்று முத்தி இல்லை என்றார். வரிசை கலைந்தது. பெண்கள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தபடி போனார்கள். கடைசியாக அக்கா வந்தாள். அக்காவுக்குப் பின்னால், முந்தானையால் கையை மூடிக்கொண்டு, என் மனைவி.

அவள் அந்த வரிசையில் நின்றிருப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அழவில்லை. நான் நடந்துகொண்டே பேசினேன். சாமியாரைத் திட்டினேன். அண்ணாச்சியைத் திட்டினேன். யாருக்கும் சொல்லாமல் அடுத்த வேதக் கோயிலில் போய் வரிசையில் நின்ற இவளைத் திட்டினேன்.

"வெறும் எலும்பு. உடைஞ்ச அரிசி அளவு. அதுக்கு ஒரு அரக்கு, ஒரு மேற்றிராணியாரு. வெறும் எலும்புக்கு இவ்வளவா?"

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வெறும் எலும்புன்னா நீங்க எதுக்குக் குளிச்சிய?"

"என்ன?"

"அன்னைக்கு. பல்லு கிட்டிப் போயி வந்தியல்லா. ஆட்டு எலும்பு பட்டா குளிக்கியளா? வெறும் எலும்புக்கு ஆரும் குளிப்பாவளா?"

பதில் வராதபோது நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். கதவை அறைந்துவிட்டு வெளியே போனேன். தேயிலைக்கு நடுவே போய் நின்றேன். பார்த்தால் அந்தச் சரிவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். நான் தோண்டின இடம். எல்லாவற்றையும் ஓடையில் விடச் சொன்னவன், அந்த இடத்தைச் சுற்றி மட்டும் களை பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சாமியார் மறுநாள் மத்தியானம்தான் லாரியில் கீழே போவதாக இருந்தார். காலையில் என் மனைவி தலை வாரி, நல்ல சேலை கட்டி, என் முன்னால் வந்து நின்றாள்.

"வாங்க போவோம்."

"எங்க?"

"சாமியாருகிட்ட. நான் பேசுதேன். நீங்க வாயைத் தொறக்காம நிக்கணும்."

கோயிலை ஒட்டின சின்ன அறையில் சாமியார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி, சாவியை இழந்தவர் போல ஒரு மூலையில் நின்றார். சாமியார் நேற்று முழுக்க அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார் என்று தெரிந்தது. மேசைமேல் அருளிக்கம். என் ஈயம் பளபளவென்று மின்னியது.

என் மனைவி சாமியாரைக் கும்பிட்டாள். அதுவரை ஒரு ஆம்பிளை முன்னால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"சாமி, இவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தா எங்க அண்ணந்தம்பிமாரோட இவ்வளவு சண்டை வந்திருக்காது."

சாமியார் கட்டுவதை நிறுத்தினார்.

"இவரு மூடியைத் தொறக்கையில அது எலும்புன்னு இவருக்குத் தெரியாது. தெரியாதவரு எதுக்கு மாத்தப் போறாரு? நின்ன நிலையிலேயே மூடி ஈயம் வச்சிட்டாரு. எலும்புன்னு தெரிஞ்சது அதுக்குப் பொறவு. தெரிஞ்ச உடனே சட்டையோட போயித் தண்ணியில நின்னுட்டாரு. அதுக்குப் பொறவு இவரைக் காசு குடுத்துக் கூப்பிட்டாலும் கிட்ட வந்திருக்க மாட்டாரு. இதுல எப்ப சாமி மாத்த முடியும்?"

"குளிச்சோ?" என்றார் சாமியார்.

"குளிச்சாரு சாமி," என்று அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "நான் கண்ணால பாத்தேன். தீட்டுன்னு என்னைத் திட்டின திட்டு இருக்கே, அதை இங்க சொல்ல முடியாது."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தோள் முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா நான் இவர்களிடம் பிரசங்கம் செய்கிறேன்," என்றார் அண்ணாச்சியிடம். "இது புண்ணியவாளருடைய எலும்பு, வெறும் எலும்பு அல்ல என்று. ஒருத்தர்கூட இவனைப் போல விசுவசிச்சில்ல."

எனக்கு அது பாராட்டா கேலியா என்று அன்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

ஒரு தாளை எடுத்தார். உள்ளே என்ன கண்டாய், ஒன்று விடாமல் சொல் என்றார். சிவப்புப் பட்டு, ஜரிகை, அரிசிக் குருணை, கறுத்த முனை, காகிதம், எத்தனையாவது எழுத்தில் பூச்சி ஓட்டை என்பதுவரை சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக உற்று உற்றுப் பார்த்துச் சரிபார்த்தார். இந்த அருளிக்கம் வந்தபோது எழுதின பத்திரம் மேற்றிராணியார் வீட்டில் இருக்கும், அதோடு இதையும் ஒத்துப்பார்ப்பார்கள் என்றார். சரியாக இருந்தால் புது முத்திரை வைப்பார்கள். நான் மூடியைத் திறந்தது, மூடியது, குளித்தது எல்லாம் அதில் எழுதினார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு அண்ணாச்சி போட்டார். நேற்று நீ ஆரு என்று கேட்கப்பட்டவன், இன்று அந்த எலும்புக்குச் சாட்சி.

எழுதி முடித்ததும் டப்பியைச் சுற்றத் துணி தேடினார். பீடத் துணியை எடுக்க அண்ணாச்சி நகர்ந்தார். என் மனைவி முந்தானைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல சுத்திக் கொண்டு போங்க சாமி."

முத்தி செய்யக் கொடுக்கத்தான் அவருக்கு அதிகாரம் இல்லை. எதில் பொதிந்து எடுத்துப்போக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. சாமியார் துணியைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார்.

"துவைச்சதோ?"

"துவைச்சதுதான் சாமி. ரெண்டு வருசமா அரிசிப் பானைக்கு அடியில இருந்துது."

நானும் பார்த்தேன். என் பழைய வேட்டியிலிருந்து கிழித்தது. பச்சைக் கரை. ஒன்பது நாள் அவன் அதில்தான் கிடந்தான். ஓடையில் விடச் சொன்ன துணி.

இரண்டு வருடம் அந்தப் பானையிலிருந்து நான் சோறு தின்றிருக்கிறேன். கத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், கத்தட்டும் என்று காத்திருப்பவள் போல. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியார் டப்பியைத் துணியின் நடுவில் வைத்து நாலு மூலையும் மடித்தார்.

அருளிக்கம் அடுத்த மாதம் வந்துவிடும் என்றார்கள். அடுத்த மாதம் சாமியார் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து லாரி நின்றது. சாப்பாட்டு மணி அடித்ததும் நான் பாதை வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஆணி வாங்க, பெல்ட் வந்ததா பார்க்க என்று ஏதாவது சொல்லிக்கொள்வேன். அண்ணாச்சி குடைக்குள்ளிருந்து கேட்பார்.

"என்ன வே, புண்ணியவாளரைத் தேடுதீரா, துணியைத் தேடுதீரா?"

"உம்ம வேலையைப் பாரும்."

"பாத்தாச்சி. மழையில கொழுந்தும் இல்ல, லாரியும் இல்ல. வாரும், டீ குடிப்போம்."

ஆடி மாதம் ஒரு காலையில் அவளுக்கு வலி வந்தது. டிஸ்பென்சரி நர்ஸம்மா குடையோடு வந்தாள். அக்கா உள்ளே போனாள். நான் லயத்து வாசலில் கூரைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன். முதல் இரண்டு முறையும் நான் தொழிற்சாலையில் இருந்தேன். இந்த முறை டிரையர் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

வெகு நேரம் ஆனது. அக்கா தலையை நீட்டினாள். "பக்கத்துல வந்து பேசுங்க. உங்க குரலைக் கேக்கணுங்கா."

சாத்தின கதவுக்கு வெளியே நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் திட்டத்தான். "துணி இன்னும் வரல," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு மடத்தனம் என்று உறைத்தது.

உள்ளேயிருந்து அவள் குரல் விட்டுவிட்டு வந்தது. "வரலன்னா... புண்ணியவாளருகிட்டதான இருக்கு. இருக்கட்டும். அவன் துணிய அவரு வச்சிருக்காரு."

கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது. நின்று நிதானமாக, என்னைப் போலக் கோபமாக அழுதது. பெண். நர்ஸம்மா தன்னுடைய கைராசி என்றாள். அக்கா புண்ணியவாளர் என்றாள். நான் ஒன்பது நாள் கழியட்டும் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலையில் பிள்ளை அழுதபோது முதல் தடவையாக நான் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆவணி முடிகிற சமயம் சாமியார் வந்தார். அருளிக்கம் வந்தது. எல்லாம் பத்திரத்தோடு ஒத்துப்போயிற்று, என் வாக்குமூலத்தையும் அதோடு சேர்த்துவைத்துவிட்டார்கள் என்றார். என் ஈயத்தை அறுத்தெடுக்கக் கீழே ஒரு தட்டான் அரைநாள் பட்டபாட்டையும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புது நூல், புது அரக்கு வைத்திருந்தார்கள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வழிந்திருந்தது.

"இப்பவும் கேவலமாத்தான் ஒட்டியிருக்கு சாமி."

"நீ தொடருது," என்றார், தொடாதே என்று.

ஆனால் டப்பியைத் தண்டில் பொருத்த வேண்டியிருந்தது. மண் சரிந்த பாதையில் குலுங்கி வந்ததில் டப்பியின் கொக்கி வளைந்திருந்தது. அண்ணாச்சிக்கு இனி அதைத் தொடக் கையே வரவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டப்பியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் கொக்கியை நிமிர்த்தினேன். கொக்கி சண்டித்தனம் செய்தது. அது நிமிரும்வரை டப்பி என் கையில் இருந்தது. உள்ளே யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. எந்தக் காலத்திலிருந்தோ இந்த மலையில் எத்தனை பேர் வாயும் கண்ணீரும் பட்ட கண்ணாடி, ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஒரு குருணை எலும்பு அத்தனை பேர் பாரத்தையும் வாங்கிக்கொண்டு பேசாமல் கிடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பேசாமல் இருப்பது எனக்கு வராத காரியம்.

சாமியார் துணியை மடித்து என் கையில் கொடுத்தார். சாம்பிராணி வாசமும் லாரி எண்ணெய் வாசமும் அடித்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி வாங்கி, உதறி, தொட்டிலில் விரித்தாள். அக்காவே பதறிவிட்டாள்.

"ஏளா, போன பிள்ளை துணியை இதுக்கு விரிக்காத. ஆகாது."

"போன பிள்ளையும் எம்பிள்ளதான்க்கா. தங்கச்சிக்குக் குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறான்?"

அக்கா என்னைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. நான் விளக்கு மாடத்தில் ஏதோ தேடினேன்.

அக்கா போன பிறகு என் மனைவி என் கையைக் கவனித்தாள். இடது உள்ளங்கையில் புது அரக்கு கொஞ்சம் சிவப்பாகப் பட்டிருந்தது.

"அதைத் தொட்டியளா?"

"கொக்கி வளைஞ்சிருந்துது. சரிபண்ணிக் குடுத்தேன்."

"குளிக்கலையா?"

"தண்ணி ரொம்பக் குளிரா இருக்கு," என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.